பெருநாள் துவக்கும் விற்பவரின் பொறுப்பும்

நோன்பு பதினைந்து கழிந்துவிட்டால் நமது பஜார்களின் முகமே மாறிவிடும். புடவைக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் முன்னால் மேசை போட்டு விளையாட்டுச் சாமான் விற்கத் தொடங்குவார்கள். பெருநாள் காசு பிள்ளையின் கைக்கு வருவதற்கு முன்பே, அந்தப் பிள்ளையின் கண் மேசையில் எதன் மீது விழும் என்பது விற்பவருக்குத் தெரியும். தண்ணீர் பீச்சும் துவக்கு, சவர்க்காரக் குமிழி விடும் துவக்கு, கெப் வெடிக்கும் துவக்கு என்று பல வகை இருந்தாலும் ஆண் பிள்ளைகள் பிடிவாதமாகக் கேட்பது சின்னப் பிளாஸ்டிக் குண்டு பாயும் துவக்கைத்தான். "கண்ணுல கிண்ணுல பட்டா என்ன நாநா செய்யிற?" என்று கேட்கும் வாப்பாவிடம், "சும்மா பிளாஸ்டிக் தானே தம்பி" என்று சொல்லிப் பொதி செய்து கொடுத்துவிடுகிறோம். அந்தப் பதில் சரியா என்பதே இவ்வாரப் பாடம்.

முதலில் சாமானின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். விற்கும் பொருளின் ஊர் பேர் தெரியாமல் விற்பது நல்ல வியாபாரிக்கு அழகல்ல. இந்தத் துவக்கின் தாய்வீடு ஜப்பான். அங்கே நிஜத் துவக்கு வைத்திருப்பதற்குச் சட்டம் மிகவும் இறுக்கமானது. அதனால் 1970களில், அமுக்கப்பட்ட காற்றின் அல்லது வாயுவின் விசையால் பிளாஸ்டிக் குண்டு பாயும் துவக்குகள் செய்யப்பட்டன. பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, காட்டிலோ மைதானத்திலோ ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் விளையாட்டாக அது வளர்ந்தது. அதைத்தான் எயார்சொப்ட் என்கிறார்கள். குண்டின் குறுக்களவு 6 மில்லிமீற்றர். வழக்கமாகப் பாவிக்கும் குண்டின் நிறை 0.2 கிராம். சில அரிசி மணிகளின் நிறைதான்.

ஆனால் நிறையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. வேகத்தையும் பார்க்கவேண்டும். ஜப்பான் 2006ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி, 6 மில்லிமீற்றர் குண்டு பாயும் துவக்கின் விசைக்கு 0.98 ஜூல் என்று எல்லை வைத்தது. 0.2 கிராம் குண்டு அந்த விசையில் புறப்பட்டால் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 99 மீற்றர், அதாவது மணித்தியாலத்துக்கு 350 கிலோமீற்றருக்கும் மேல். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று அங்குள்ள உற்பத்தியாளர்கள் செய்யும் வகையை 0.135 ஜூலுக்குள் அடக்குகிறார்கள். கணக்குப் பார்த்தால் அதுவும் மணித்தியாலத்துக்கு 130 கிலோமீற்றர். நமது கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளர் எறியும் பந்தின் வேகம் அது. பிள்ளைக்கு உரியது என்று மிகவும் குறைத்து வைத்த துவக்கின் கதையே இதுவென்றால், பெட்டியில் ஜூல் கணக்கோ வயதோ போடாமல் கார்ட்டன் கார்ட்டனாக வந்திறங்கும் சாமானைப் பற்றி நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குண்டு தோளில் பட்டால் சிவக்கும், வலிக்கும், இரண்டு நாளில் ஆறிவிடும். பல்லில் பட்டால் பல் உடையலாம். கண்ணில் பட்டால் கதை வேறு. அல்லாஹ் கண்ணை எலும்புக் குழிக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறான். கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் பெரும்பாலும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் முன்னால் நின்று அடியின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். ஆனால் வளர்ந்தவரின் கண்விழியின் குறுக்களவு சுமார் 24 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் குண்டுக்கு இரு எலும்புகளுக்கும் இடையே தாராளமாக வழி இருக்கிறது. எந்த எலும்பும் தடுக்காமல் அது நேரே விழியில் வந்து அடிக்கிறது.

அப்போது நடப்பது பல விதம். விழியின் முன்பக்கத் தோல் உரியலாம். கருவிழிக்குப் பின்னாலுள்ள சிறு அறையில் இரத்தம் கசிந்து தேங்கலாம். உள்ளேயுள்ள வில்லை இடம் பெயரலாம், அல்லது காலம் செல்ல வெண்புரை பிடிக்கலாம். விழியின் பின்பக்கத் திரை கிழியலாம். இவற்றில் பல வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. பிள்ளை அரை மணி நேரம் அழுதுவிட்டு அமைதியாகிவிடும். "சரி, சுகமாயிட்டு" என்று உம்மா வட்டிலப்பம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவாள்.

அப்படியானால் ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் இதையே தொழிலாக வைத்து மைதானம் நடத்துபவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களின் விளையாட்டில் துவக்கை விட முக்கியமான சாமான் கண்ணாடி. கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவரை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். விளையாடும் இடம், ஓய்வெடுக்கும் இடம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஓய்விடத்துக்குள் வரும் முன் குண்டுக்கூட்டைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய குண்டையும் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு துவக்கின் வேகத்தையும் கருவியில் அளந்த பிறகே அனுமதி. பிரித்தானியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடர்ந்து சுடும் எயார்சொப்ட் துவக்குக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல் எல்லை. அதற்கு மேல் போனால் அது விளையாட்டுச் சாமான் கணக்கில் சேராது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாடுகளில் அது துவக்கு, கண்ணாடி, ஒழுங்கு மூன்றும் சேர்ந்த ஒரே சாமான். நமது பஜாருக்கு வந்து சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டையும் கப்பலில் ஏற்றாமல் விட்டுவிட்டோம்.

மார்க்கத்தின் பக்கமும் பார்க்கவேண்டும். சுண்டுவிரல் அளவு கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டி எறியும் விளையாட்டை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் வீழமாட்டான், ஆனால் பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அறிவித்தவர் அப்துல்லாஹ் இப்னு முகப்பல் (ரழி). தடையைச் சொன்ன பிறகும் அதே வேலையைச் செய்த ஒருவருடன் இனிப் பேசுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பல்லும் கண்ணும்! இன்றைய கண் வைத்தியர் சொல்வதும் அதே இரண்டு உறுப்புகளைத்தான். ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. ஃபத்வா சொல்வது உலமாக்களின் வேலை, என் வேலையல்ல. ஆனால் இந்தச் சாமானை விற்று வரும் காசில் பரக்கத்தை எதிர்பார்ப்பவர் அந்த ஹதீஸை ஒரு தடவை வாசித்துவிட்டு மேசை போடுவது நல்லது.

2015ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளில் ஆப்கானிஸ்தானில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். பெருநாள் நாட்களில் இவ்வாறான துவக்குகளால் 184 பேர் கண்ணில் காயம்பட்டார்கள். அநேகமாக எல்லோரும் பிள்ளைகள். போரினால் நொந்த அந்த நாட்டில் அரசாங்கம் விளையாட்டுத் துவக்குகளைத் தடைசெய்து, கண்ட இடத்தில் பறிமுதல் செய்யுமாறு பொலிஸுக்குக் கட்டளையிட்டது. சாமானை வாங்கி அடுக்கி வைத்திருந்த வியாபாரியின் முதலுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நமது நாட்டில் இன்னொரு கோணமும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பின் நடந்த தேடுதல்களின் போது சமையலறைக் கத்திக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்த சமூகம் நாம். நிஜத் துவக்கின் கறுப்பு நிறத்தில், அதே வடிவத்தில் செய்த சாமானை ஒரு பையன் இருட்டில் கையில் வைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் 2007 ஒக்டோபர் முதல், நிஜத்தைப் போன்ற போலித் துவக்கைப் பொதுவாக விற்கத் தடை. கண்ணைப் பறிக்கும் பளிச்சென்ற நிறத்தில் இருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எந்தப் போலித் துவக்கையும் விற்கக்கூடாது. இங்கே இறக்குமதி செய்பவர்கள் சாமானுக்கு ஓடர் கொடுக்கும் முன்பே, அனுமதி தேவையா என்பதை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளியரிங் ஏஜன்ட் வாயால் சொல்லும் "பிரச்சினை இல்ல முதலாளி" என்பது துறைமுகத்தில் செல்லாது.

கண்ணில் பட்டுவிட்டால்

இந்தப் பகுதியை வெட்டியெடுத்துக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்தாலும் நல்லது. சாமான் விற்பவர், வாங்கிய வாப்பா, பக்கத்துக் கடைக்காரர் யாராயினும் முதல் பத்து நிமிடத்தில் செய்வதும் செய்யாமல் விடுவதும் பார்வையைத் தீர்மானிக்கலாம்.

பிள்ளை கண்ணைக் கசக்க விடவேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இமையைப் பலவந்தமாகத் திறந்து பார்க்கவேண்டாம். விழி கிழிந்திருந்தால் அந்த அழுத்தமே உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடும். அதே காரணத்துக்காகப் பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டவும் கூடாது, ஐஸ் கட்டியை விழிமேல் அமுக்கவும் கூடாது. ஏதாவது கண்ணில் குத்தி நின்றால் பிடுங்கவேண்டாம். தேநீர்க் கடையில் கிடைக்கும் கடதாசிக் கோப்பை ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தைக் கண்ணின் உயரத்துக்கு வெட்டி, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் இருக்கும்படி கவிழ்த்துப் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். கோப்பை விழியைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் கட்டு.

பிள்ளையைத் தலை நிமிர்ந்த நிலையில் உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைப்பதை விட இது நல்லது. உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் அது கீழே படியும். ஓட விடவேண்டாம். சாப்பாடு, குடிபானம் கொடுக்கவேண்டாம். சத்திர சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். பெருநாளன்று பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் கொடுக்காதீர்கள். வலிக்கு அஸ்பிரின், ஐபியுபுரோபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். வீட்டிலுள்ள மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காமல் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

நமது வீடுகளில் கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவது, பன்னீர் விடுவது, தேன் தடவுவது என்று கைவைத்தியங்கள் உண்டு. பாமஸியில் அவசரத்துக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுபவர்களும் உண்டு. அடிபட்ட கண்ணுக்கு இவை எதுவும் ஆகாது. தண்ணீரால் கழுவுவது கூட, கண்ணில் சுண்ணாம்போ அசிட்டோ பட்டால்தான். அதற்கு உடனே, நிறைய, பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும். குண்டு பட்ட கண்ணுக்கு அந்த வைத்தியம் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. தெருமுனை டிஸ்பென்சரியில் காட்டி ஒரு மணித்தியாலத்தை வீணாக்காமல், கண் பிரிவு உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். பெருநாள் லீவில் கிளினிக் மூடியிருக்கலாம், அவசரப் பிரிவு மூடுவதில்லை. வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன துவக்கு என்பதை ஒரு துண்டில் எழுதி, அந்தக் குண்டில் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பயத்தில் "விழுந்துட்டான்" என்று பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தியருக்குத் தவறான தகவல் போனால் தவறான இடத்தைத் தேடுவார்.

வலி குறைந்துவிட்டது, பார்வை தெளிவாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவதுதான் அதிகம் நடப்பது. உள்ளே தேங்கிய இரத்தம் கரைந்து வரும் முதல் ஐந்து நாட்களுக்குள் மீண்டும் கசியலாம், இரண்டாவது கசிவு முதலாவதை விடக் கடுமையாகவும் இருக்கலாம். பிள்ளை வாந்தியெடுத்தாலோ, வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ கண்ணின் உள்ளழுத்தம் கூடியிருக்கலாம், தாமதிக்கக்கூடாது. அடிபட்டுப் பல வருடங்கள் கழித்தும் அந்தக் கண்ணில் அழுத்த நோய் வருவதுண்டு. ஆகவே கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்து, சொன்ன தவணைக்குப் போகவேண்டும்.

பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாற்பல் போய் முளைத்த பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேர்ப்பக்கத்தைத் தொடாமல் மேற்பக்கத்தால் பிடித்து எடுத்து, தேய்க்காமல், பாலில் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் கொண்டுபோனால் மீண்டும் பொருத்த வாய்ப்பிருக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வைத்தியரிடம் போய்ப் பயனில்லை.

மைதானம் திறக்க நினைப்பவர்களுக்கு

இளைஞர்கள் சிலர் பெயின்ட்போல், எயார்சொப்ட் போன்றவற்றுக்கு மைதானம் திறக்கலாமா என்று கேட்கிறார்கள். காணி இருக்கிறது, கொஞ்சம் முதலும் இருக்கிறது, கம்பனிகளின் ஊழியர் சுற்றுலாவுக்கு நல்ல கேள்வி இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் முதலில் காசு போடவேண்டிய இடம் துவக்கு அல்ல, கண்ணாடி.

கண்ணாடி வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால், 6 மில்லிமீற்றர், 0.86 கிராம் உருக்குக் குண்டு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் பட்டும் உடையவில்லை என்று பொருள். பெருக்கிப் பார்த்தால் அது 0.87 ஜூல்தான். ஜப்பான் வைத்த எல்லைக்கே அது போதாது. பி என்ற எழுத்துள்ளது அதே குண்டை 120 மீற்றர் வேகத்தில் தாங்கியது, அதாவது 6 ஜூலுக்கு மேல். மைதானத்துக்கு வேண்டியது அது. அமெரிக்கத் தரத்தில் இசட் 87 என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புக் கண்ணாடியும், பார்வைக்குப் போடும் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடி அல்ல. அவை உடைந்தால் அந்தத் துண்டுகளே கண்ணுக்குள் போகும். கம்பி வலைக் கண்ணாடியில் முழுக் குண்டு நுழையாது, ஆனால் உடைந்த குண்டின் தூள் நுழையும். எந்த அடையாளம் இருந்தாலும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை எடுத்து, ஒரு பெட்டியில் கட்டி, உங்களிடம் உள்ள பலமான துவக்கால் கிட்ட நின்று சுட்டுப் பார்த்து, பிறகு அந்தக் கண்ணாடியை வீசிவிடுங்கள்.

நமது காலநிலையில் பெரிய பிரச்சினை வியர்வை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து பார்வை மறையும். விளையாடுபவர் ஒரு செக்கனுக்கு என்று நினைத்து நெற்றிக்கு உயர்த்துவார். கண் போவதற்கு அந்த ஒரு செக்கன் போதும். ஆகவே இரட்டைப் படை வில்லையுள்ள, காற்றோட்டமுள்ள கண்ணாடி வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. யாருடைய கண்ணாடி கழன்றாலும் கண்டவர் உரத்துச் சத்தமிட, நடத்துநர் விசில் ஊத, எல்லோரும் சுடுவதை நிறுத்தவேண்டும். கழன்றவர் இரு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு முகம் குப்புறக் குனியவேண்டும். இதை விளையாட்டு தொடங்கும் முன் ஒவ்வொரு குழுவுக்கும் செய்து காட்டுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

கண்ணுக்கு அடுத்ததாக நீங்கள் அதிகம் காணப்போவது கணுக்கால் சுளுக்கும் வெயில் மயக்கமும். நிழல், தண்ணீர், ஜீவனிப் பைகள், கட்டுத்துணி, பிளாஸ்டர், கடதாசிக் கோப்பை, இவை ஒரு பெட்டியில் இருக்கவேண்டும். மயங்கியவர் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது சாதாரண களைப்பல்ல. நிழலில் போட்டு, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். பற்றைக் காணியென்றால் பாம்பையும் குளவியையும் மறக்கவேண்டாம். ஊழியரில் இருவராவது செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென்ற் ஜோன் அம்பியுலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கட்டும். ஒருவர் மட்டும் படித்திருந்தால் அவர் லீவில் இருக்கும் நாளில்தான் விபத்து நடக்கும். வருபவரிடம் கையொப்பம் வாங்கும் கடதாசியை நம்பி முதல் போடவேண்டாம். கவனயீனத்துக்கு அது மறைப்பாகும் என்று எண்ணாமல் ஒரு சட்டத்தரணியிடமும், பொதுமக்களுக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு பற்றித் தகாபுல் நிறுவனத்திடமும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த கடைக்காரன் விற்கிறானே

மேசை போடும் சகோதரர்களிடம் பேசினால் எல்லோரும் சொல்வது இதுதான். "நான் விற்காட்டி அவன் விற்பான், காசும் போகும், கண்ணும் போகும்." இதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு கடை மட்டும் நிறுத்திப் பயனில்லை, பஜார் முழுவதும் நிறுத்தவேண்டும். ஆனால் நமது ஊர்களில் அது எப்படி நடக்கிறது? பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளிவாசலில் அறிவிப்பு வரும், விற்கவேண்டாம் என்று. அப்போது வியாபாரி கடனுக்கு எடுத்த சாமான் மேசையில் இருக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரி திருப்பி எடுக்கமாட்டார். அவர் என்ன செய்வார்? மேசைக்குக் கீழே வைத்து விற்பார்.

பேசவேண்டிய காலம் ரஜபு மாதம். ஓடர் போகும் முன்பே பஜார் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் கூடி, குண்டு பாயும் துவக்கை இந்தப் பெருநாளுக்கு எந்தக் கடையும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்து, மொத்த வியாபாரிகளுக்கும் எழுதவேண்டும். அந்த முதலைத் தண்ணீர்த் துவக்கிலும் குமிழித் துவக்கிலும் பந்திலும் பட்டத்திலும் போடலாம். இலாபம் கொஞ்சம் குறையலாம், மேசை வெறுமையாகாது. என் கருத்து, பிள்ளைகளுக்குக் குண்டு பாயும் துவக்கு விற்கவே கூடாது என்பதுதான்.

அதை ஏற்காமல் வளர்ந்தவர்களுக்கு விற்பவர்கள், பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்து ஒரே பொதியாக, ஒரே விலையாக விற்கட்டும். பொம்மைப் பெட்டிக்குள் வரும் மெல்லிய பிளாஸ்டிக் கண்ணாடி அதற்குக் கணக்கில்லை. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்றவரிடம் நபியவர்கள் கேட்ட கேள்வி நமக்குத் தெரியும். குறையை வாங்குபவர் காணும்படி வைக்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைக் குற்றமாகவே பார்க்கிறது. ஆகவே பொதியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு அல்ல, கண்ணாடி இல்லாமல் சுடவேண்டாம், முகத்துக்கு நேரே நீட்டவேண்டாம், கண்ணில் பட்டால் கசக்காமல் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும், அழைக்க 1990. இவ்வளவும் அச்சிட ஒரு பொதிக்குச் சில ரூபாய்தான் செலவாகும்.